எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் தியேட்டரைத் திறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கொரோனா ஊரடங்கில் மூடிய தியேட்டர்களை 2020 நவம்பர் 10 முதல் பாதி இருக்கைகளோடு திறக்கத் தமிழக அரசு அனுமதித்தது. ராமநாதபுரம் கடற்கரையில் முதலில் பார்க்க வேண்டியது ஏசி. மொட்டை மாடியில் நிற்கும் யூனிட்டின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்திருக்கும். விரல் பட்டாலே வெள்ளைத் தூளாக உதிரும். நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஓட்டும்போது 24 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள், வெளிக்காற்று வரும் வழியை அடைக்காதீர்கள். மூடிய அரங்கில் தொற்றைக் குறைப்பது அந்தக் காற்றுதான், தரை கழுவுவதைவிட முக்கியம்.

தரைக்கும் கழிப்பறைக்கும் 10 சதவீத ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினி ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். இருக்கையின் இரும்பில் அது பட்டால் துருவேறும்; அங்கே 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

புரொஜெக்டரை ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள். பழுதென்றால் உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர நாளாகும்.