வெட்டிய இடம் சரிதானா?

ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளாலான டி.என்.ஏ. வரிசையை, எழுத்துகளின் கலவை மாறும் இடங்களில் துண்டுகளாகப் பிரிப்பது பற்றி பெங்களூர் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மாணவர், யஷ்வந்த்பூர்: அக்கா, பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் வரிசையை என் நிரல் இரண்டாக வெட்டியது. அந்த வெட்டை நம்பலாமா?

தம்பி, நிரல் எதைக் கொடுத்தாலும் வெட்டும். அல்சூர் கடைத்தெருவில் நடந்தபடி, காதில் விழும் பேச்சைத் தமிழ், கன்னடம் என்று குறித்துக்கொண்டு போ. வீட்டுக்கு வந்து, ‘எந்தக் கடையோடு தமிழ் குறைந்தது?’ என்று தேடினால் ஏதோ ஒரு கடை அகப்படும். இரண்டும் தெரு முழுக்க ஒரே அளவில் கலந்திருந்தாலும் அகப்படும்! லாம்டாவின் 48,502 எழுத்துகளுக்கு இடையே எல்லா இடங்களிலும் வெட்டிப் பார்த்து, இருபுறக் கலவையின் வித்தியாசம் மிகப் பெரிதான இடத்தைப் பொறுக்கியிருக்கிறாய். அதன் பிறகு வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் வழக்கமான கை-வர்க்க அட்டவணையைப் புரட்டாதே. அது முன்கூட்டியே குறித்த ஓர் இடத்துக்கானது.

எழுத்துகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலை. கலைத்ததையும் அதே நிரலிடம் கொடுத்து, அதில் கிடைக்கும் மிகப் பெரிய வித்தியாசத்தைக் குறித்துக்கொள். 999 முறை செய். ஒன்றுகூட உன்னுடையதை எட்டாவிட்டால் பி-மதிப்பு, அதாவது தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 1/1000. பூஜ்யம் அல்ல, நான் ஒருமுறை பூஜ்யம் என்று எழுதி, கட்டுரை திரும்பி வந்தது. லாம்டாவின் இடப்பாதியில் ஜி, சி அதிகம், வலப்பாதியில் ஏ, டி அதிகம். உன் வெட்டு தேறிவிடும்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றையொன்று சார்ந்தவை ஆயிற்றே? கலைத்தால் அது அழிந்துவிடாதா?

அழியும். நிஜ வரிசையில் ஒரே மாதிரி எழுத்துகள் கொத்துக் கொத்தாக விழும். கலைத்ததில் அப்படி விழாது. அதோடு ஒப்பிட்டால் தகுதியில்லாத வெட்டும் தேறிவிடும். அடுத்தடுத்த இரட்டைகளின் எண்ணிக்கை மாறாமல் கலைக்கும் முறை உண்டு. குறைந்தபட்சம் அதையாவது செய்யுங்கள்.

அதே வாசகர்: எத்தனை துண்டோடு நிறுத்துவது?

துண்டு கூடக் கூடப் பொருத்தமும் கூடும், அதில் பெருமையில்லை. பி.ஐ.சி. (பேயீசியத் தகவல் அளவுகோல்) ஒவ்வொரு வெட்டுக்கும் அபராதம் வசூலிக்கும். கூடும் பொருத்தத்தால் அபராதத்தைக் கட்ட முடியாத வெட்டு வந்ததும், அதைப் போடாமல் நிறுத்துங்கள்.

மல்லேஸ்வரம் வாசகி: 10 ஜீன் எல்லைகளில் 9, என் வெட்டுகளுக்கு அருகில் விழுகின்றன. போதாதா, மேடம்?

எத்தனை வெட்டு போட்டீர்கள், அம்மா? பத்து லட்சம் எழுத்தில் 1,000 வெட்டு, ‘அருகில்’ என்பது இருபுறமும் 500 எழுத்து என்றால், சீராக விழும் வெட்டுகள் வரிசை முழுவதையும் மூடிவிடும். துண்டுகளின் நீளங்களை அப்படியே வைத்து, அவை அமையும் முறையை மட்டும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை ஜீன் எல்லைகள் வெட்டுக்கு அருகில் விழுகின்றன என்று எண்ணுங்கள். 9 அடிக்கடி வருகிறதென்றால் உங்கள் வெட்டுகளுக்கு ஜீன்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.