விளையாட்டும் ஃபில்டரும் போக, ஆக்மென்டட் ரியாலிட்டி நிஜமாக எங்கே புழங்குகிறது?

கேள்வி கேட்டிருப்பவர் பொறியியல் கடைசி ஆண்டு மாணவர். முகத்தில் நாய்க்காது ஒட்டுவதையும் தெருவில் போக்கிமான் பிடிப்பதையும் தவிர இந்த ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது நிஜக் காட்சியின்மேல் கணினி படம் வரைந்து காட்டுவது) எந்தத் தொழிலிலாவது உருப்படியாகப் பயன்படுகிறதா, இல்லை எல்லாம் விளம்பரம்தானா என்கிறார். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது கூடுதல் கேள்வி.

நான் சத்தியவேட்டில் இருக்கிறேன். ஆந்திராதான், ஆனால் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதித் தெலுங்கு. பக்கத்து ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, பதினான்கு வருடமாக. அதனால் இந்தப் பதிலில் கிரீஸ் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். எதையெல்லாமோ ஏஆர் என்று விற்கிறார்கள். 1997-இல் ரொனால்ட் அசுமா என்ற ஆராய்ச்சியாளர் மூன்று நிபந்தனை சொன்னார்: நிஜமும் கணினி வரைவதும் ஒன்றாகத் தெரிய வேண்டும், அது அந்தந்த நொடியே நடக்க வேண்டும், வரைந்தது நிஜ உலகில் தன் இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் கஷ்டம். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடுவது ஏஆர் ஆகாது.

இனி என் கதை. 2020-இல் சர்வதேச விமானங்கள் நின்றன. வழக்கமான போக்குவரத்து திரும்பியது 2022 மார்ச் கடைசியில். எங்களிடம் அட்டைப்பெட்டியை விரித்துச் சரக்கு போட்டு மூடும் மெஷின் ஒன்று உண்டு. இத்தாலியில் போலோனியா பக்கம் செய்தது. அந்த ஊரைச் சுற்றி பேக்கிங் மெஷின் செய்யும் கம்பெனிகள் அவ்வளவு உண்டு. சரியாக விமானம் நின்றிருந்த நேரத்தில் அது மக்கர் செய்தது. வழக்கமாக அங்கிருந்து ஆள் வருவார், இரண்டு நாளில் சரி செய்துவிட்டுப் போவார். அப்போது வர வழியில்லை.

முதலில் வாட்ஸ்அப் வீடியோ காலில் முயன்றோம். பானலைத் திறந்து காட்டினால் அவர் “இடது பக்கம், மூன்றாவது வரிசை, இல்லை அதற்குக் கீழே, அந்த சாம்பல் வயர்” என்கிறார். உள்ளே இருப்பதில் பாதி சாம்பல் வயர்தான். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்து ஒரு டெர்மினலை, அதாவது வயர் மாட்டும் முனையைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அப்புறம் அவர்களே ஒரு செயலியை அனுப்பினார்கள். அதில் அவர் தன் திரையில் விரலால் ஒரு வட்டம் போட்டால் என் போனில் அந்த டெர்மினல்மேல் வட்டம் விழுகிறது. நான் போனை நகர்த்தினாலும், பக்கவாட்டில் போய் நின்றாலும், அந்த வட்டம் டெர்மினலை விட்டு அசையவில்லை. வீடியோ காலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதான். இந்த ஒன்று போதும். அன்று மத்தியானத்துக்குள் லைன் ஓடியது.

அந்த வட்டம் எப்படி நிற்கிறது என்றால், கேமரா தன் எதிரே தெரியும் மூலைகளையும் புள்ளிகளையும் விடாமல் குறித்துக்கொள்கிறது; போன் எவ்வளவு நகர்ந்தது, திரும்பியது என்று உள்ளே இருக்கும் உணரிகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடுகிறது. பானல் மாதிரி நெரிசலான இடத்தில் இது அருமையாக வேலை செய்யும். இதே போனை வைத்து எங்கள் வீட்டு ஹாலில், திரையில் மட்டும் தெரியும் ஒரு சோபாவை வைத்துப் பார்த்தேன். பளபளவென்ற வெள்ளை டைல்ஸ். பிடித்துக்கொள்ள அதில் ஒரு புள்ளி இல்லை. சோபா வழுக்கிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டது. 2017-இல் ஐகியா என்ற ஃபர்னிச்சர் கம்பெனி இந்த மாதிரிச் செயலியை வெளியிட்டபோது நான் பார்த்த விளம்பரத்தில் எல்லாம் மரத்தரை, கம்பளம். நம் வீடுகள் அப்படியா இருக்கின்றன? தரையில் ஒரு கோரைப்பாயை விரித்துவிட்டு முயலுங்கள், நிற்கும்.

போனை வைத்து அலமாரிக்கு அளவெடுத்த கதையும் உண்டு. சுவரில் குத்துமதிப்பாக அளக்கச் சரி. தச்சரிடம் அந்த அளவைக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, “அண்ணா, டேப் இல்லைன்னா என்கிட்ட கேக்கலாம் இல்ல?” என்றார். முக்கால் அங்குலம் பிசகு.

கடைப் பக்கம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி ஃப்ரேம் போட்டுப் பார்ப்பது நன்றாக இருக்கிறது, லென்ஸ்கார்ட்டில் நானே பார்த்துத்தான் வாங்கினேன். மூக்கும் காதும் இடம் மாறாது, ஃப்ரேம் வளையாது. கம்மலும் அப்படியே. புடவை என்று வந்தால் திணறுகிறது, ஏனென்றால் துணி விழும் விதத்தைக் கணக்குப் போடுவது வேறு வகைப் பாடு. எங்கள் பக்கத்து நகரி, புத்தூர் தறிக்காரர்கள் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கோடு வளைகிற மஞ்சள் கோடு இருக்கிறதே, அதுவும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். யாரும் அதை அப்படிக் கூப்பிடுவதில்லை.

எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்து தடுமாறும். எல்லையோரத் தமிழர்களில் என்னைப் போல நிறையப் பேர். எனவே போன் கேமராவைப் பலகைமேல் காட்டினால் அதே இடத்தில் தமிழ் எழுத்து வந்து உட்காரும் வசதியைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். அச்செழுத்து என்றால் பரவாயில்லை. அப்பாவின் நிலத்துப் பழைய அடங்கலில், அதாவது நிலப் பதிவேட்டில், கர்ணம் (ஊர்க் கணக்கர்) கையால் எழுதியதைக் காட்டினேன். சர்வே எண்ணை விட்டுவிட்டு ஒரு கவிதையே எழுதிக் கொடுத்தது.

மருத்துவத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். தம்பி மகனுக்குக் காய்ச்சல், கொழுகொழுவென்ற கை, டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் டார்ச் மாதிரி ஒரு கருவியைக் காட்டினார். கைமேல் நரம்பு ஓடும் பாதை வரைபடம் போலத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் உறிஞ்சும். எங்கே உறிஞ்சப்படுகிறது என்று கேமரா பார்த்து, அதே இடத்தில் தோல்மேல் படமாக வீசுகிறது. கண்ணாடியும் வேண்டாம், போனும் வேண்டாம். நான் பார்த்ததிலேயே அழகான ஏஆர் அதுதான்.

மறுபடி தொழிற்சாலைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் பிறந்ததே தொழிற்சாலையில்தான். 1990 வாக்கில் போயிங் விமானக் கம்பெனியில் டாம் காடெல் என்பவர் வைத்தது. விமானத்துக்கான வயர்க்கட்டுகளைப் பெரிய பலகைகளில் வழி பார்த்துப் பார்த்து ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பலகை. அந்த வழியைத் தலையில் மாட்டும் கண்ணாடி வழியாகக் காட்டிவிட்டால் ஒரே வெற்றுப் பலகை போதுமே என்பது அவருடைய யோசனை. என் மச்சினி கும்மிடிப்பூண்டிப் பக்கம் இப்படி வயர்க்கட்டு கட்டும் ஹார்னெஸ் லைனில்தான் வேலை செய்கிறாள். இதைச் சொன்னேன். “எங்களுக்கு இன்னும் பலகைதான் மாமா. ஒரு வாரத்துல கை தானாப் போகும், கண்ணாடி எதுக்கு?” என்றாள்.

அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தினமும் ஒரே வேலை செய்பவருக்கு ஏஆர் வழிகாட்டும் அம்புக்குறி தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும்தான் அது வேண்டும். எங்கள் ஷிஃப்டில் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி எல்லாம் உண்டு. செயல்முறைத் தாளை எந்த மொழியில் ஒட்டினாலும் நாலு பேருக்குப் புரியாது. மெஷின்மேலேயே “முதலில் இது, பிறகு இது” என்று ஒன்று, இரண்டு போட்ட அம்புக்குறி நின்றால் மொழியே வேண்டாம். டேப்லெட்டில் இப்படிச் சில வேலைகளுக்குச் செய்து வைத்திருக்கிறோம்.

தலையில் மாட்டும் கருவியும் ஒன்று வாங்கினார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஹெல்மெட், அதன்மேல் அது. பத்து நிமிடத்தில் வியர்வை கண்ணாடியை மூடிவிடும். அலமாரியில் தூங்குகிறது. மைக்ரோசாஃப்டே தன் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை 2024-இல் நிறுத்திவிட்டது. அது 3,500 டாலர் விலையில் வந்த பொருள்.

தம்பி, வேலை பற்றிக் கேட்டீர்களே. மென்பொருள் கற்றுக்கொள்வது நல்லதுதான், ஆனால் எங்களுக்குக் கிடைக்காமல் இருப்பது அது இல்லை. ஒரு மெஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று பார்த்து, அதைப் படிகளாகப் பிரித்து எழுதுகிற ஆள்தான் கிடைப்பதில்லை. உங்களுக்கு அந்தப் பொறுமை இருந்தால் வாருங்கள்.

போன வருடம் ஓய்வு பெற்ற எங்கள் ஃபிட்டரை வைத்து அப்படித்தான் கன்வேயர் கியர்பாக்ஸ் வேலையைப் பதிவு செய்தோம். முடிந்ததும் டேப்லெட்டை அவர் கையில் கொடுத்தோம். அம்புக்குறி வந்தது, போல்ட் எண் வந்தது, எல்லாம் சரியாக நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை பேரிங் இருக்கும் கூட்டின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து உள்ளே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, “எல்லாம் காட்டுது சார். இந்த சத்தத்த எங்க வரைவீங்க?” என்றார்.