கியர் பாக்ஸ் ஆயில்: எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது?

கேள்வி: என்னுடைய டீசல் எஸ்யூவி 80,000 கி.மீ. ஓடிவிட்டது, மேனுவல் கியர். காலையில் வண்டியை எடுத்ததும் இரண்டாவது கியர் இறுக்கமாக விழுகிறது. கியர் ஆயிலை மாற்றலாமா? மெக்கானிக் பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் ஆயிலையே இதற்கும் ஊற்றலாம் என்கிறார்.
- வாசகர், நாமக்கல்

பதில்: மாற்றுங்கள், ஆனால் அந்த ஆயில் வேண்டாம். பின் ஆக்ஸிலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 ஆயில்தான் வரும் (ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள்), அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த ரசாயனம் ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். அந்த வளையம் கியரைப் பிடித்து வேகத்தைச் சமன்செய்ய உராய்வு வேண்டும், ஆயில் ரொம்ப வழுக்கினாலும் கியர் முரண்டு பிடிக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் 75டபிள்யூ-80 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் பக்கவாட்டில் இருக்கும் மேல் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றி பழைய ஆயிலை எல்லாம் வடித்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தால், புது ஆயிலை எந்த வழியாக ஊற்றுவது?

கீழ் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம்தான். பல் உடைந்த மாதிரி துண்டு கிடைத்தால் மட்டும் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாஷரைப் புதிதாகப் போட்டு, மேல் துளையில் வழியும் வரை ஊற்றினால் போதும்.