தோண்டிய குழியை மீண்டும் தோண்டுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தின் பழைய அரசக் கல்லறைத் தலமான அபிடோஸ் பற்றிய கட்டுரை படித்தேன். முதல் வம்சத்து எகிப்திய அரசர்களின் கல்லறைகள் பண்டைக் காலத்திலேயே கொள்ளைபோயின, 1890களில் பிரெஞ்சுக்காரர் அமெலினோ தோண்டினார், அவருக்குப் பின் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பெட்ரி தோண்டினார் என்கிறீர்கள். அப்படியானால் அதே குழிகளில் ஜெர்மானியத் தொல்லியலாளர்கள் 1977 முதல் எதைத் தேடுகிறார்கள்? இன்னொன்று: அந்த அரசர்களைப் புதைத்தது வடக்கே கெய்ரோவுக்கு அருகே உள்ள சக்காராவில்தான், அபிடோஸில் இருப்பவை வெறும் நினைவுக் கல்லறைகள் என்று ஒரு பழைய நூலில் படித்தேன். எது சரி?

முத்துக்குமார்

அன்புள்ள முத்துக்குமார்,

அவர்கள் சலிப்பது பெரும்பாலும் முன்னவர்கள் கொட்டிவிட்டுப் போன மண்ணை. அமெலினோவுக்கு முழுப் பொருள்கள் வேண்டியிருந்தன. உடைந்தவையும் மண்கட்டிகளும் குவியலுக்குப் போயின. எது எங்கே கிடைத்தது என்ற குறிப்பும் சொற்பம். பெட்ரி 1899 முதல் இரண்டு பருவங்களில், அமெலினோ விட்டுப்போன சில்லுகளைக் கொண்டே அரசர் வரிசையை ஏறக்குறைய மீட்டார். அப்போதும் இழப்பு நிற்கவில்லை. முதல் வம்சத்து அரசர் ஜெரின் கல்லறைச் சுவரில் ஒரு பொந்துக்குள் துணி சுற்றிய கை ஒன்று நான்கு வளையல்களோடு அகப்பட்டது. கெய்ரோ அருங்காட்சியகத்தில் எமில் ப்ருக்ஷ் வளையல்களை வைத்துக்கொண்டு கையை எறிந்துவிட்டார். அது அரசனுடையதா, அரசியுடையதா என்று இனி யாரும் சோதிக்க முடியாது. நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த மண்கட்டிகளில்தான் விஷயம் இருக்கிறது. சாடியின் வாயை அடைத்து, மேலே ஈரக் களிமண்ணை அப்பி, எழுத்து செதுக்கிய உருளை முத்திரையை அதன்மேல் உருட்டுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதே வரி மறுபடி தொடங்கும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் நாலைந்து குறிகளே தப்பியிருந்தாலும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பகுதிகளைப் பொருத்தி முழு வரியையும் வரைந்துவிடலாம். அதே வம்சத்து அரசர் டென்னின் கல்லறையில் கிடைத்த முத்திரைப் பதிவு இப்படித்தான் நார்மர், ஆஹா, ஜெர், ஜெத், டென், அரசத்தாய் மெர்நெய்த் என்ற வரிசையைத் தந்தது. அந்த வம்சத்தின் கடைசி அரசர் காஆவின் கல்லறையிலிருந்து நார்மர் தொடங்கி எட்டு அரசர்களின் பட்டியல் வந்தது. முதல் வம்சத்தின் வரிசையை இன்று நாம் தயங்காமல் சொல்வதற்கு இந்த இரண்டு பதிவுகளே முக்கியக் காரணம்.

பெயர் கிடைத்த இடமே அந்த அரசனின் கல்லறை என்று முடிவுகட்டினால் சறுக்கும். அடக்கம் செய்பவர் வாரிசு. அடைப்பில் விழுவது அவருடைய முத்திரை. காஆவின் கல்லறை வாயிலில் ஹோதெப்செகெம்வியின் முத்திரையும், இரண்டாம் வம்சத்தின் கடைசி அரசர் காசெகெம்வியின் கல்லறையில் ஜோசரின் முத்திரையும் கிடைத்தது இதனால்தான். இரண்டாம், மூன்றாம் வம்சங்களைத் தொடங்கியவர்கள் தங்களுக்கு முந்தைய அரசரை முறைப்படி அடக்கம் செய்தவர்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. பொன் எதுவும் இதைச் சொல்லியிருக்காது.

மண் கலங்கியிருப்பது இன்னொரு தொல்லை. மத்திய அரசுக் காலத்தில் (கி.மு. 2000-ஐ ஒட்டி) ஜெரின் கல்லறையை, இறந்தோர் உலகின் கடவுளான ஒசிரிஸின் கல்லறை என்று கருதி, உள்ளே படிக்கட்டு கட்டினார்கள். பிறகு பல நூற்றாண்டுகள் பக்தர்கள் வந்து படையல் கலங்களை வைத்துப் போனார்கள். ஆகவே ஜெரின் அறையில் கிடக்கும் ஓடு அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியதாக இருக்கலாம். தோண்டிக் கொட்டிய மண்ணிலோ அடுக்கே தலைகீழ்: கடைசியாக எடுத்தது, அதாவது ஆழத்தில் இருந்தது, குவியலின் உச்சியில் இருக்கும். எந்தக் குவியல், எந்த மூலை, எந்த ஆழம் என்று எழுதிவைக்காமல் சல்லடையைத் தொட்டால் அமெலினோ செய்ததையே மறுபடி செய்ததாகும்.

எல்லாம் குப்பைதான் என்றும் இல்லை. 1988-இல், அகழ்வாளர்கள் யூ-ஜே என்று குறியிட்ட கல்லறை வெளிப்பட்டது: 12 அறைகள், சுடாத செங்கல், எலும்பிலும் தந்தத்திலும் செய்த துளையிட்ட சிறு சீட்டுகள் சுமார் 150. அவற்றில் உள்ள குறிகள் எகிப்தின் மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. அங்கே அடக்கமான அரசனின் காலம் நார்மருக்கும் முந்தியது.

சக்காரா கேள்விக்கு: ஆங்கிலேயத் தொல்லியலாளர் எமரி அங்கே தோண்டிய பெரிய மஸ்தபாக்களில் (தட்டையான மேற்பரப்புள்ள செங்கல் கல்லறைகளில்) அரசப் பெயர்கள் கிடைத்ததால் எழுந்த கருத்து அது. ஆனால் ஒரே அரசனின் காலத்துக்கு அங்கே பல பெரிய கல்லறைகள் இருக்கின்றன. அவை உயர் அதிகாரிகளுடையவை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. கல்லறையை மட்டும் அளந்தால் அபிடோஸ் சிறியதாகத் தெரியும். ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால், விளைநிலத்தின் ஓரத்தில், அரசர்கள் எழுப்பிய மதிலடைப்புகளையும் சேர்த்து அளக்க வேண்டும். காசெகெம்வியின் மதிலடைப்பில் சுவர் இன்றும் சுமார் 11 மீட்டர் உயரம் நிற்கிறது. ஜெரின் கல்லறையைச் சுற்றி மட்டும் 300-க்கு மேற்பட்ட துணைக் கல்லறைகள். அவற்றில் கிடந்தவர்கள் அவருடைய அரண்மனையைச் சேர்ந்தவர்கள். சக்காராவின் எந்த மஸ்தபாவைச் சுற்றியும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட எதுவும் இல்லை.