படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா?

கேள்வி: மூன்று மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களின் மேல் இரண்டு 100 மி.மீ. இரும்புச் சேனல்களை ('ப' வடிவக் குறுக்குவெட்டுள்ள நீள இரும்புகள்) வைத்து, அவற்றின் நடுவில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அமர்த்த எண்ணுகிறோம். உயரம் குறையும் என்பதால் சேனலைப் படுக்க வைக்கலாம் என்கிறார் வெல்டர். சரியா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: சரியல்ல. நிறைந்த தொட்டியின் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஒவ்வொரு சேனலுக்கும் சுமார் 500 கிலோ. அந்தச் சுமை முழுவதும் நடுப்புள்ளியில் இறங்குவதாகக் கடுமையாகவே கணக்கிட்டாலும், முதுகு செங்குத்தாக இருக்கும்படி நிறுத்தி வைத்த சேனலில் எழும் வளைவுத் தகைவு (வளையும்போது இரும்புக்குள் ஒரு பரப்பளவுக்கு எழும் விசை) சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 நியூட்டன்தான். சாதாரணக் கட்டுமான எஃகு 250-இல்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். தொய்வும் 7 மி.மீ. அளவில் நிற்கும். அதையே படுக்க வைத்தால் வளைவைத் தாங்கும் திறன் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, தகைவு 500-ஐ எட்டிவிடும். போதாக்குறைக்கு, வாய் மேல்நோக்கிய சேனல் உங்கள் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் ஒரு வாய்க்காலாகி, தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

நிறுத்தி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சேனல் ஒருபக்கம் மட்டும் திறந்த வடிவம் என்பதால், முறுக்காமல் சுமை இறங்க வேண்டிய புள்ளி அதன் முதுகுக்கு வெளியே விழுகிறது. ஆகவே மேலே வைத்த சுமை அதைத் திருகப் பார்க்கும். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, இரு முனைகளிலும் தொட்டியின் அடியிலும் குறுக்குத் துண்டுகளால் பற்றவைத்துவிடுங்கள். வெற்றுத் தொட்டியைச் சரிவுக் காற்று தள்ளிவிடாதபடி கட்டுவதும், சுவரின் வலுவைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்ப்பதும் அவசியம்.