கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: புத்தக வெளியீடு, கல்லூரி விழா என்று நீதிபதிகள் மேடை ஏறுகிறார்களே, சரியா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: தாராளமாக ஏறலாம். என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் விஷயம். 1997-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்கென்று ஒரு நடத்தை நெறி வகுத்துக்கொண்டார்கள். அரசியல் விவகாரம், தன் முன் வழக்காக வரக்கூடிய விஷயம் இவற்றில் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது. பத்திரிகைப் பேட்டி கூடாது. தீர்ப்பே பேசட்டும் என்கிறது அது. சட்டமல்ல, தாங்களே போட்டுக்கொண்ட வேலி. அந்த வேலியையும் தாண்டி, 2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி செலமேஸ்வர் வீட்டுப் புல்வெளியில் நான்கு மூத்த நீதிபதிகள் நிருபர்களைக் கூட்டிப் பேசினார்களே! (அவர்களில் ஒருவர் அதே ஆண்டு தலைமை நீதிபதியும் ஆனார்.)

எனக்கென்னவோ மேடையைவிட சால்வைதான் உறுத்துகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சந்துரு தன் அறை வாசலில் அறிவிப்பே வைத்திருந்தார்: இங்கே கடவுள் இல்லை, பூ வேண்டாம், யாருக்கும் பசியில்லை, பழம் வேண்டாம், யாருக்கும் குளிரவில்லை, சால்வை வேண்டாம். 2013-இல் ஓய்வு பெற்றபோது வழியனுப்பு விழாவையும் மறுத்துவிட்டு, மின்சார ரயிலில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் யார் சால்வை போடுவது!