எம்மும் எச்சும் சேர்ந்தால் ‘வ்’: ஓர் ஐரிஷ் பெயர், மூன்று பெண்கள்

கேள்வி: டப்ளினில் படிக்கும் என் பேத்தி, தன் தோழியின் பெயரை எழுதிக் காட்டினாள்: என்-ஐ-ஏ-எம்-எச். ‘நியாம்’ என்று படித்தேன். ‘நீவ்’ என்று சொல்ல வேண்டுமாம். எம் எங்கே போனது? தமிழில் எப்படி எழுதுவது?
– வாசகி, திருச்சி

பதில்: எம் அங்கேயேதான் இருக்கிறது, இறுக்கம் மட்டும் தளர்ந்துவிட்டது. ‘ம்’ சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு அதே ஒலியைச் சொல்லிப் பாருங்கள், ‘வ்’ வந்து நிற்கும். பழைய ஐரிஷில் அது மூக்கால் சொன்ன ‘வ்’. இன்று அந்த மூக்கொலி பெரும்பாலும் தேய்ந்துவிட்டது.

பின்னால் நிற்கும் எச்சுக்குத் தனி ஒலி கிடையாது. முன்னெழுத்தை மெலித்துச் சொல் என்று காட்டும் குறி அது. ‘மகன்’ என்ற சொல்லின் நடுவில் உள்ள ககரத்தை ‘கண்’ணில் வரும் ககரம்போல நாம் அழுத்துவதில்லை அல்லவா? குறி எதுவும் இல்லாமலே நம் வாய் மெலிக்கிறது. ஐரிஷ்காரர்கள் அதற்கு ஒரு குறி வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. எம்முக்கு மேல் ஒரு புள்ளி, பெயர் நான்கே எழுத்து. ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளி இருந்த இடத்துக்கு எச் வந்தது. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கு 18 எழுத்துகள்தான், அதில் ‘வி’ என்ற எழுத்தே இல்லை. அதனால் ‘வ்’ ஒலி வேண்டும் இடத்தில் எம்-எச் (mh) அல்லது பி-எச் (bh) போடுவார்கள். ‘ஷிவான்’, ‘மேவ்’ என்ற பெயர்களில் இருப்பது பி-எச். இந்த ஒரு விதி தெரிந்தாலே பேத்தியின் வகுப்பில் பாதிப் பெயர்களைப் படித்துவிடலாம்.

தமிழில் ‘நீவ்’ என்றே எழுதுங்கள். ஐரிஷ் மொழியிலேயே பேசுகிறவர்கள் ‘நீயவ்’ என்று சற்று நீட்டுவார்கள். வடக்கே உல்ஸ்டர் வழக்கில் கடைசி ‘வ்’ தேய்ந்து ‘நீயு’ போலக் கேட்கும். மூன்றும் சரி. தலையை நீவிவிடும் நம் ‘நீவு’தலுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, அதையும் சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி: ஒரு பெயர் அகராதியில் ‘பனி’ என்று பொருள் போட்டிருக்கிறது, இன்னொன்றில் ‘ஒளி’. மூன்றாவது இடத்தில் ‘கெல்டிக் தேவதை’. எது சரி?
– வாசகர், மதுரை

பதில்: ஒளி. இன்னும் நெருங்கிச் சொன்னால் பளபளப்பு, மெருகு. இது வழக்கொழிந்த சொல்லும் அல்ல. மெருகேற்றுதல், பொன்முலாம் பூசுதல் என்ற பொருளில் இதே சொல் வினையாகவும் ஐரிஷில் இருக்கிறது.

‘பனி’ வந்த வழி எளிது. ஆங்கிலம் பேசுவோர் வாசிக்கத் திணறுவதால் சிலர் இப்பெயரை என்-ஐ-இ-வி-இ என்று மாற்றி எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கூட்டு ஸ்பானிஷ் மொழியில் பனியைக் குறிக்கும் சொல். உச்சரிப்புக்காகச் செய்த மாற்றம், பொருளையும் மாற்றிவிட்டது. குழந்தைக்கு வைப்பவர்கள் எழுத்துக்கூட்டை மாற்றாமல் இருப்பதே நல்லது. ‘தேவதை’ என்பது பிற்கால அலங்காரம். பழைய நூல்களில் இந்தப் பெயர் கொண்டவர்கள் அரசர் மகள்கள், வீரர்களின் மனைவிகள். மறுவுலகப் பெண் ஒருத்தி உண்டு. கோயிலும் வழிபாடும் கொண்ட தெய்வமாக யாரும் வரவில்லை.

நகையில் பெயர் பொறிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இன்றைய எழுத்துமுறையில் இந்தப் பெயருக்கு ‘ஃபாடா’ எனும் சாய்கோடு கிடையாது. ஐ-யும் ஏ-யும் சேர்ந்து வந்தாலே நெடில் என்பதால் கோடு தேவைப்படுவதில்லை. ஐ-க்கு மேல் கோடு போட்ட வடிவம் பழைய ஐரிஷ் நூல்களுக்கு உரியது.

கேள்வி: தங்கத் தலைமுடி நீவின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? குதிரையிலிருந்து ஒஷீன் ஏன் விழுந்தான்? கல்லைத் தூக்கினான் என்கிறார்கள், தடுக்கி விழுந்தான் என்கிறார்கள்.
– வாசகி, கோவை

பதில்: இன்று எல்லோரும் சொல்லும் கதைக்கு அடிப்படை, கிளேர் மாவட்டத்து மீஹால் கோமீன் 1750ஐ ஒட்டி இயற்றியதாகக் கருதப்படும் ஐரிஷ் நெடும்பாட்டு. அச்சில் வந்தது 1859இல்.

காவ்ரா போர் முடிந்து, ஃபியன்னா என்ற வீரர் படையில் மிஞ்சியவர்கள் பனிமூட்டக் காலையில் லீன் ஏரிக்கரையில் வேட்டையாடுகிறார்கள். மேற்கிலிருந்து வெள்ளைக் குதிரையில் ஒரு பெண் வருகிறாள். தலையில் மணிமுடி, செம்பொன் விண்மீன்கள் பதித்த பழுப்புப் பட்டு மேலாடை, ஒவ்வொரு சுருள் கூந்தலிலும் தொங்கும் ஒரு பொன்வளையம், குதிரைக்குப் பொன்லாடம். பெயர் ‘பொன்தலை நீவ்’, தந்தை டீர் நா நோக் எனும் இளமை நாட்டின் அரசன். (கடல்தெய்வம் மனனானின் மகள் என்பது பிற்கால மறுகதைகளின் சேர்க்கை.) அவள் வந்தது ஒஷீனைத் தேடி. படைத்தலைவன் ஃபின் மக் கூலின் மகன் அவன், பாடல் வல்லவன். அவன் தாய் மானுருவில் திரிந்தவள், அவன் பெயருக்கும் ‘மான்குட்டி’ என்றே பொருள். யாரும் பெண் கேட்டுப் போகவில்லை, பெண்ணே வந்து மாப்பிள்ளை கேட்கிறாள் என்பதைக் கவனியுங்கள். பழைய ஐரிஷ் கதைகளில் மறுவுலகப் பெண்கள் இப்படித்தான் வருவார்கள்.

ஒஷீன் அவளோடு இளமை நாட்டுக்குப் போகிறான். அங்கே இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்களுக்கு ஃபின், ஆஸ்கர் என்று அவன் தந்தை பெயரையும் அவனுக்கு முன்பே இருந்த மகனின் பெயரையும் வைத்தவள் நீவ். மகளுக்கு ‘பெண்களின் மலர்’ என்று பெயரிட்டவன் ஒஷீன். ஊர் நினைவு வந்து புறப்படும்போது நீவ் மூன்று முறை எச்சரிக்கிறாள்: கால் மண்ணில் படக்கூடாது. திரும்பி வந்தால் 300 ஆண்டுகள் கழிந்துவிட்டன. தந்தையின் கோட்டை இருந்த ஆலன் குன்றில் களையும் காஞ்சொறியும் மண்டிக் கிடக்கின்றன.

இனி உங்கள் கேள்வி. க்ளென்னஸ்மோலில் ஒரு பலகைக்கல்லின் அடியில் ஆட்கள் நசுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கமுடியாமல் இவனைக் கூப்பிடுகிறார்கள். ஒஷீன் கீழே இறங்கவே இல்லை. சேணத்தில் இருந்தபடி ஒரு பக்கம் சாய்ந்து, ஒரே கையால் கல்லைப் பற்றி ஏழு பெர்ச் தூரம் எறிகிறான். அதாவது 35 மீட்டருக்குக் குறையாது. அந்த இழுப்பில், சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு பிணைத்திருந்த வார் அறுகிறது. சேணம் சரிந்து இரண்டு காலும் தரையில் படுகின்றன. குதிரை ஓடிவிடுகிறது, அவன் பார்வையிழந்த கிழவனாகிறான். தடுக்கவும் இல்லை, வாக்கை மீறவும் இல்லை. அறுந்தது ஒரு வார். பல சிறுவர் நூல்கள் ‘இறங்கினான்’ என்று எழுதிக் கதையின் உயிரையே எடுத்துவிடுகின்றன.

கேள்வி: இதிகாசத்தில் ஒரே ஒரு நீவ்தானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. பொன்தலையாள் புகழில் மூத்தவள், ஏட்டில் இளையவள்.

உல்ஸ்டர் கதைகளில் கெல்ட்ஹர் என்ற வீரனின் மகள் ஒரு நீவ். எந்த ஆயுதமும் துளைக்காத ‘கொம்புத்தோலன்’ ஒருவன் நாட்டைச் சூறையாடுகிறான். கெல்ட்ஹர் மகளையே அவனுக்கு மணம் முடித்து, கொல்லும் வழியைக் கேட்டறியச் சொல்கிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கம்பிகளை உள்ளங்காலில் அடித்து, கீழ்க்கால் எலும்பு வழியே ஏற்ற வேண்டும் என்று கணவனே மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் தந்தையிடம் சொல்ல, தூங்கவைத்து, சம்மட்டியால் அடித்து ஏற்றிவிடுகிறார்கள். துரியோதனன் தொடை நமக்கு நினைவுக்கு வரும். இங்கே ரகசியத்தைக் கறந்தது மனைவி.

இன்னொரு நீவ், கோனல் கெர்னாஹ் என்ற வீரனின் மனைவி. மாவீரன் கூ ஹுலினை எதிரிகளின் மாயப் போர்க்கூச்சல் எட்டாதபடி ‘செவிடர் பள்ளத்தாக்கில்’ வைத்துக் காக்கிறார்கள். நீவின் அனுமதியின்றி வெளியேறமாட்டேன் என்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறான். அதனால் எதிரிகளுக்கு ஒரே வழிதான் மிச்சம்: சூனியக்காரி பாத்வ், நீவின் உருவெடுத்து வந்து ‘போ’ என்கிறாள். உண்மையான நீவ் வந்து ‘நான் சொல்லவில்லை’ என்னும்போது அவன் தேரில் புறப்பட்டாயிற்று. பொன்தலையாளைவிட இவளே ஆழமான பாத்திரம் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: அலுவலகப் பட்டியலில் ‘நீவ் நீ ப்ரியன்’ என்று ஒருவர் பெயர். நடுவில் உள்ள ‘நீ’ இரண்டாம் பெயரா?
– வாசகர், சென்னை

பதில்: குடும்பப் பெயரின் பகுதி, பிரிக்கக்கூடாது. ஆணுக்கு ‘ஓ ப்ரியன்’, அதாவது ப்ரியன் வழிவந்தவன். மகளுக்கு ‘நீ’, மனைவிக்கு ‘ஈ’. மகள், மனைவி பெயர்களில் அடுத்த எழுத்தும் மெலிவதால் ‘நீ வ்ரியன்’ என்றே ஒலிக்கும், பி-க்குப் பின்னால் எச் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் ‘ஓ’, தங்கை ‘நீ’ என்று இருப்பதால் இரண்டும் வேறு குடும்பம் என்று நினைத்துப் படிவங்களைத் திருப்பி அனுப்புவது வெளிநாட்டு அலுவலகங்களில் நடக்கும் தவறு.

கேள்வி: கதை நடந்த இடங்கள் இருக்கின்றனவா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: லீன் ஏரி, கெர்ரி மாவட்டம் கில்லார்னியில். இருவரும் குதிரையோடு கடலுக்குள் போனது அதே மாவட்டத்து ராஸ்பே மணற்கரையில் என்பது உள்ளூர் வழக்கு. ஆலன் குன்று கில்டேரில் இருக்கிறது, ஒரு பக்கத்தைக் கல்குவாரி தின்றுவிட்டது. க்ளென்னஸ்மோல், அதாவது பூங்குருவிப் பள்ளத்தாக்கு, டப்ளினின் தென்விளிம்பில். வழி கேட்கும்போது போஹர்நப்ரீனா நீர்த்தேக்கம் என்று கேளுங்கள், அது இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.